எலியை மட்டும் நம்பாத டாக்டர்: ஃபோலிக் மாத்திரைக்கு வழி போட்ட லூசி வில்ஸ்

கோரிப்பாளையம் சிக்னல்ல பஸ் நிக்கிற நேரம் போதும். போனை எடுத்து ஸ்க்ரோல் பண்ணுங்க. நாலு ரீல்ஸ் தாண்டுறதுக்குள்ள ஒரு விளம்பரம் வந்து நிக்கும். அழகான டப்பா, உள்ளே பவுடரோ மாத்திரையோ. ஸ்ட்ரெஸ் ஓடிப்போகும், மனச்சோர்வு விலகும், தூக்கம் தானா வரும்னு வாக்குறுதி. ஓரத்துல பொடி எழுத்துல, ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டதுன்னு ஒரு வரி.

அந்தப் பொடி எழுத்தைப் பத்திதான் இன்னிக்குப் பேசப்போறோம். ஆய்வகத்துல யார்கிட்ட நிரூபிச்சாங்க? நிறைய நேரம் அதுக்குப் பதில், எலிகிட்ட. சரி, எலிக்கு வேலை செஞ்சது நமக்கும் வேலை செய்யுமா?

இந்தக் கேள்வியோட கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்னாடியே மல்லுக்கட்டிய ஒரு டாக்டர் இருந்தார். மும்பையில், நம்ம குன்னூரில், சென்னை திருவல்லிக்கேணியில் எல்லாம் வேலை பார்த்தவர். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம்னு மதுரையைச் சுத்தி எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் கர்ப்பிணிகளுக்கு ஒரு மாத்திரை கொடுக்கிறாங்க இல்லையா? அதுல இரும்புச்சத்தோட சேர்ந்திருக்கும் ஃபோலிக் அமிலத்துக்கு வழி போட்டவர் இவர்தான். பேர், லூசி வில்ஸ்.

செடி படிச்சவர் டாக்டரான கதை

1888-ம் ஆண்டு மே 10 அன்று, இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் சட்டன் கோல்ட்ஃபீல்டில் பிறந்தார் லூசி. வசதியான குடும்பம். அறிவியல் ஆர்வம் வீட்டிலேயே இருந்தது. கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியில் தாவரவியலும் நிலவியலும் படித்து 1911-ல் முடித்தார். ஆனால், பட்டம் கிடைக்கவில்லை. காரணம் மார்க் இல்லை, பெண் என்பதுதான். கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுக்க ஆரம்பித்ததே 1948-ல்தான்.

அதே 1911-ல் அப்பா இறந்தார். இரண்டு வருடத்தில் அக்கா தங்கை உறவில் இன்னொரு இழப்பு. உடன்பிறந்த ஈடித்தும் இறந்துபோனார். 1913-ல் அம்மாவைக் கூட்டிக்கொண்டு இலங்கைக்குப் போய்வந்தார் லூசி. அடுத்த வருடம் தென்னாப்பிரிக்கா. அங்கே இருந்த கல்லூரித் தோழி மார்கோ ஹ்யூமும் இவரும் அப்போது சேர்ந்து ஆர்வம் காட்டிய விஷயம் எது தெரியுமா? மனசு. சிக்மண்ட் ஃப்ராய்டின் கருத்துகள் புதுசாகப் பரவிக்கொண்டிருந்த காலம் அது.

1914 ஆகஸ்ட்டில் முதல் உலகப்போர் வெடித்தது. கேப் டவுன் மருத்துவமனையில் சில வாரங்கள் தன்னார்வ நர்ஸாக இருந்தார். ஊர் திரும்பியதும் முடிவெடுத்துவிட்டார். 1915 ஜனவரியில் லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். 1920-ல் டாக்டரானபோது அவருக்கு வயது 32. டிகிரி முடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் செட்டில் ஆகலையேன்னு வீட்ல கேக்குறாங்களா? இந்த வயசுக் கணக்கைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க.

டாக்டரானாலும் அவர் கிளினிக் போட்டு உட்காரவில்லை. லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் ஆய்வகத்தில், கர்ப்ப காலத்தில் உடம்புக்குள் என்னென்ன மாறுகிறது என்று ஆராய ஆரம்பித்தார்.

மில் பெண்களும் வெளிறிய முகங்களும்

மதுரைக்காரங்களுக்கு மில் வாழ்க்கை புதுசில்லை. ஹார்வி மில்லை வெச்சே வளர்ந்த தெருக்கள் நம்ம ஊர்ல இருக்கு. 1920-களின் பம்பாயும் அப்படித்தான். பஞ்சாலைகளை நம்பி லட்சக்கணக்கான குடும்பங்கள் வாழ்ந்தன. அங்கே வேலை பார்த்த ஏழைப் பெண்கள் கர்ப்பமானதும் பலருக்கு ஒரு விநோதமான ரத்தசோகை வந்தது.

முகம் வெளிறிப்போகும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். சாப்பாடு இறங்காது. எழுந்து நிற்கவே தெம்பிருக்காது. கவனிக்காமல் விட்டால் தாயும் போவார், குழந்தையும் போகும். மைக்ராஸ்கோப்பில் ரத்தத்தைப் பார்த்தால் சிவப்பணுக்களின் எண்ணிக்கை குறைவு. ஆனால், ஒவ்வொன்றும் வழக்கத்தைவிடப் பெருசு.

பேறுகால மரணங்களைப் பற்றி விசாரிக்கும் பெரிய ஆய்வு ஒன்று அப்போது இந்தியாவில் நடந்துகொண்டிருந்தது. அதில் இருந்த டாக்டர் மார்கரெட் பால்ஃபோர், லூசியை அழைத்தார். 1928-ல் பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தில் வந்து இறங்கினார் லூசி. வயது 40.

முதலில் அவருக்கு வந்த சந்தேகம், ஏதாவது கிருமியாக இருக்குமோ என்பது. தேடினார். அப்படி ஒரு கிருமி சிக்கவில்லை. அடுத்து அவர் கண் போன இடம், அடுப்படி. இந்தப் பெண்கள் தினமும் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தார். வயிறு நிறைக்கத் தானியம் இருந்தது. பருப்பு, பால், காய், பழம் எல்லாம் கிள்ளிப்போட்ட அளவுதான். நோய் தட்டில் இருந்துதான் வருகிறது என்ற சந்தேகம் வலுத்தது. சந்தேகம் சரி, அதை நிரூபிக்க வேண்டுமே?

குன்னூரில் ஒரு எலிச் சாப்பாட்டுக் கடை

1929 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை லூசி வேலை பார்த்த இடம், நம்ம குன்னூர் பாஸ்டர் நிறுவனம். ஊட்டிக்குப் போற வழியில சிம்ஸ் பார்க் பக்கம் செல்ஃபி எடுத்திருப்பீங்களே, அந்த ஏரியாதான். அங்கே உணவு ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் ராபர்ட் மெக்கரிசன். 1918-ல் ஒரே ஒரு அறையில் அவர் தொடங்கிய ஆய்வுதான், 1958-ல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது.

மெக்கரிசன் செய்த வேலை கேட்கவே சுவாரஸ்யம். இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களும் சாப்பிடும் சாப்பாட்டை அப்படியே எலிகளுக்குப் போட்டார். கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்று சீக்கியர்களின் சாப்பாட்டைத் தின்ற எலிகள் கொழுகொழுவென வளர்ந்தன. அரிசியே பிரதானமான தென்னிந்தியச் சாப்பாட்டைத் தின்ற எலிகள் ரொம்பவே பின்தங்கின.

இன்னொரு சோதனை இன்னும் முக்கியம். வெள்ளை பிரெட், மார்ஜரின், சர்க்கரை போட்ட டீ, டப்பாவில் அடைத்த இறைச்சி என்று ஏழை ஆங்கிலேயர்களின் சாப்பாட்டை ஒரு கூட்டத்துக்குக் கொடுத்தார். அந்த எலிகள் உடம்பு மட்டும் இளைக்கவில்லை. எப்போதும் பதற்றமாகவே இருந்தன. சாப்பாடு வைக்க வந்தவர்களைக் கடித்தன. இரண்டு மாத வாக்கில், கூட்டத்தில் பலவீனமான எலிகளை மற்ற எலிகளே கொன்று தின்ன ஆரம்பித்தன. சாப்பாடு உடம்போடு நிற்காது, குணத்தையும் தொடும் என்பதற்கு நீலகிரி மலையில் கிடைத்த பழைய சாட்சி இது.

குறுக்கே வந்த பேன்

லூசியும் எலிகளில் இருந்துதான் ஆரம்பித்தார். பம்பாய்ப் பெண்கள் சாப்பிட்ட அதே சாப்பாட்டை வெள்ளை எலிகளுக்குக் கொடுத்தார். எலிகளுக்கும் ரத்தசோகை வந்தது. உணவோடு ஈஸ்ட் சேர்த்தால் வராமல் தடுக்க முடிந்தது. கேட்க அருமையான முடிவு. இன்னிக்கு இருந்தா இதை வெச்சே ஒரு கம்பெனி டப்பா போட்டு வித்திருக்கும்.

ஆனால், அதில் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. எலிகளின் உடம்பில் பேன் இருந்தது. அந்தப் பேன் ஒரு கிருமியைப் பரப்பும். அந்தக் கிருமியே எலிகளுக்கு ரத்தசோகையை உண்டாக்கக்கூடியது. அப்படியென்றால், எலிகள் படுத்தது சாப்பாட்டினாலா, பேனினாலா? உறுதியாகச் சொல்ல வழியில்லை. மாதக்கணக்கான உழைப்பின் மேல் ஒரு பெரிய கேள்விக்குறி.

இதற்கிடையே ஈஸ்ட் கொடுத்த துப்பை வைத்துக்கொண்டு லூசி நோயாளிகளிடம் போயிருந்தார். அவர் கையில் எடுத்தது விலை உயர்ந்த மருந்து எதுவும் இல்லை. பீர் தயாரித்த பிறகு மிஞ்சும் ஈஸ்டில் இருந்து இங்கிலாந்தில் 1902 முதல் தயாரித்துக்கொண்டிருந்த மார்மைட். கறுப்பாக, பசை மாதிரி, உப்புக் கரிக்கும். பிரெட்டில் தடவித் தின்னும் சாதாரணச் சாமான். கிடைக்கும் ஈஸ்ட் சாறுகளிலேயே மலிவானது என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்.

விளைவு யாரும் எதிர்பார்க்காதது. சில நாள்களிலேயே பெண்களுக்குப் பசி எடுக்க ஆரம்பித்தது. ரத்தத்தில் புதுச் சிவப்பணுக்கள் மளமளவென ஏறின. படுத்துக்கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். 1931 ஜூனில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். அதே வருடத் தொடக்கத்தில் அவர் வேலை பார்த்தது சென்னை திருவல்லிக்கேணியில், சென்னைவாசிகள் இன்றைக்கும் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்லும் பெண்கள் மருத்துவமனையில். அதைத் தொடங்கிய மேரி ஷார்லீப், லூசி படித்த அதே லண்டன் பள்ளியில் படித்தவர்.

நோயாளிகள் குணமாகிட்டாங்க, கட்டுரையும் வந்தாச்சு. பழைய எலிக் கணக்கை யார் கேக்கப்போறாங்கன்னு விட்டிருக்கலாம். லூசி விடவில்லை. இந்த முறை ரீசஸ் குரங்குகள். அதே சத்தில்லாத சாப்பாடு. அதே மாதிரி பெரிய சிவப்பணுக்களோடு ரத்தசோகை. மார்மைட் கொடுத்ததும் தேறின. எலியில் கிடைத்த அரைகுறைச் சாட்சியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, புதிதாக இன்னொன்றைக் கட்டி எழுப்பினார்.

பெயர் தெரியாத அந்தச் சத்து

அந்தக் காலத்தில் கடுமையான ரத்தசோகைக்கு ஈரல்தான் மருந்து. அதைக் கண்டுபிடித்த மூன்று அமெரிக்க டாக்டர்களுக்கு 1934-ல் நோபல் பரிசே கிடைத்தது. ஈரலில் இருந்து நன்றாகச் சுத்திகரித்து எடுத்த சாறு அந்த நோயாளிகளைக் காப்பாற்றியது. ஆனால், லூசியின் நோயாளிகளுக்கும் குரங்குகளுக்கும் அது பலிக்கவில்லை. சுத்திகரிக்காத ஈரல் சாறு பலித்தது, மார்மைட்டும் பலித்தது. 1937-ல் இதை வெளியிட்டார். சுத்தம் செய்யும்போது ஏதோ ஒன்று வெளியே போய்விடுகிறது. அந்த ஏதோ ஒன்றுதான் இந்தப் பெண்களுக்குத் தேவை என்று புரிந்தது. அதற்கு மருத்துவ உலகம் வைத்த பெயர், வில்ஸ் ஃபேக்டர்.

மார்மைட் நம்ம பக்கத்து நாட்டிலும் உயிர் காத்தது. 1934-35-ல் இலங்கையை மலேரியா புரட்டிப்போட்டபோது, சத்துக்குறைவால் வாடியவர்களுக்கு சூரியமல் இயக்கத்தினர் இதைக் கொடுத்தார்கள். இலங்கைத் தமிழர் வீட்டு அலமாரிகளில் அந்தக் கறுப்பு பாட்டில் இன்றைக்கும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

1941-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் நாலு டன் பசலைக்கீரையை அரைத்து அந்தச் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். லத்தீனில் இலைக்கு ஃபோலியம் என்று பெயர். அதனால் ஃபோலிக் அமிலம். 1945-ல் அதை ஆய்வகத்திலேயே செயற்கையாகத் தயாரித்தது லெடர்லே நிறுவனக் குழு. அதன் ஆராய்ச்சித் தலைவர் யார் தெரியுமா? பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லப்பிரகடா சுப்பாராவ். ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்கு உடன்பிறந்தவரைப் பறிகொடுத்தவர். அதே நோயில் தானும் படுத்து எழுந்தவர். அந்த நோய்க்கும் ஃபோலிக் அமிலம் மருந்தானது.

இந்தச் சத்து உடம்பில் என்ன செய்கிறது? ஒரு செல் இரண்டாகப் பிரியணும்னா தன் மரபுப் பொருளை நகல் எடுக்கணும். அதுக்கு ஃபோலேட் வேணும். இல்லைன்னா செல் பெருத்துக்கிட்டே போகும், பிரியாது. லூசி மைக்ராஸ்கோப்பில் பார்த்த பெரிய சிவப்பணுக்களின் ரகசியம் இதுதான். கர்ப்பத்தில் செல்கள் வேகவேகமாகப் பிரிவதால் தேவை எகிறுகிறது. 1991-ல் 7 நாடுகளில் நடந்த ஆய்வில், முதுகுத்தண்டுக் குறைபாட்டோடு குழந்தை பெற்ற தாய்மாருக்கு அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது, அதே குறைபாடு மறுபடி வருவது 72 சதவிகிதம் குறைந்தது.

சரி, மனச்சோர்வுக்கு?

இப்ப அந்த விளம்பரத்துக்கு வருவோம். ஃபோலேட் குறைந்தவர்களிடம் மனச்சோர்வு அதிகம் தெரிகிறது என்பது பல பத்தாண்டுகளாக டாக்டர்கள் கவனித்த விஷயம். அதனால் லூசியின் சத்தை மனசுக்கும் சோதித்துப் பார்த்தார்கள். 2008-ல் பிரேசில் ஆய்வாளர்கள் சுண்டெலிகளுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்து, தண்ணீர் நிரப்பிய குடுவையில் விட்டார்கள். நீந்தாமல் சும்மா மிதக்கும் நேரம் அதிகமானால் எலி நம்பிக்கை இழந்துவிட்டது என்று கணக்கு. 1977-ல் இருந்து உலகம் முழுக்கப் பயன்படும் சோதனை இது. ஃபோலிக் அமிலம் கிடைத்த எலிகள் அதிக நேரம் நீந்தின. எலிகளை அசையவிடாமல் அடைத்து ஸ்ட்ரெஸ் கொடுத்தபிறகு செய்து பார்த்தபோதும் பலன் தெரிந்தது.

மனிதர்களிடம்? 2000-ல் இங்கிலாந்தில் 127 பேரிடம், மனச்சோர்வு மாத்திரையோடு தினமும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் சேர்த்துப் பார்த்தார்கள். பெண்களுக்குப் பலன் இருந்தது, ஆண்களுக்குத் தெரியவில்லை. 2014-ல் வேல்ஸில் 475 பேரிடம் அதைவிட அதிக அளவு கொடுத்துச் சோதித்தபோது, பலன் எதுவும் தென்படவில்லை.

கவனிச்சீங்களா? ஒரே சத்து. ரத்தசோகையில் விலங்கில் இருந்து மனிதர் வரைக்கும் எல்லாப் பரீட்சையிலும் பாஸ். மனச்சோர்வில் எலியிடம் பாஸ், மனிதர்களிடம் இழுபறி. எலி சும்மா மிதந்தது சோகத்தினாலா, இல்லை இனி நீந்தி லாபமில்லை, தெம்பை மிச்சம்பிடிப்போம் என்று கற்றுக்கொண்டதாலா என்ற சந்தேகத்தையே விஞ்ஞானிகள் பலர் எழுப்புகிறார்கள். லூசியின் எலிகளுக்குப் பேன் என்றால், இந்த எலிகளுக்கு இது.

எலி ஆய்வே வீண் என்று அர்த்தமில்லை. எலி கேள்வியை எழுப்பும். பதில் மனிதர்களிடம்தான் கிடைக்கும். அதனால், அடுத்த தடவை டப்பாவை வாங்குறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க. சோதனை யார்கிட்ட நடந்துச்சு? எத்தனை பேர்கிட்ட? அந்தச் சத்து உங்க உடம்புல உண்மையிலேயே குறைவா இருக்கா? லூசியின் பெண்கள் தேறியதற்குக் காரணம், அவர்களிடம் இல்லாததைக் கொடுத்ததுதான்.

மூணாவது கேள்வி நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. ஸ்கூல்ல வாரத்துக்கு ஒரு நாள் நீல மாத்திரை கொடுப்பாங்களே, எத்தனை பேர் ஜன்னல் வழியா தூக்கிப் போட்டீங்க? அதில் இருப்பது 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும். கர்ப்பிணிகளுக்குச் சிவப்பு மாத்திரை, 180 நாள், காசே இல்லாம. எப்பவும் சோர்வா இருக்கு, எதுலயும் பிடிப்பில்லைன்னு தோணுதா? முதல்ல ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணுங்க. முருங்கைக்கீரை, அரைக்கீரை, பச்சைப்பயறு, வேர்க்கடலை எல்லாத்துலயும் ஃபோலேட் இருக்கு. கீரையை ரொம்ப வேகவெச்சு, தண்ணியை வடிச்சுக் கொட்டிட்டா சத்தும் சேர்ந்து போயிடும். பி12 குறைவா இருக்குறவங்க ஃபோலிக் மாத்திரையை மட்டும் போட்டா அந்தக் குறை வெளியே தெரியாம மறைஞ்சு நரம்பைப் பாதிக்கலாம். அதனால டாக்டரைக் கேக்காம தொடர்ந்து போடாதீங்க. மனசு பாரம் தாங்க முடியலைன்னா 14416-க்கு ஒரு போன் போடுங்க. அரசோட டெலி மானஸ், இலவசம், தமிழ்லயே பேசலாம்.

லூசி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மலையேறுவார், பனிச்சறுக்குவார், வேலைக்குச் சைக்கிளில் போவார். 1947-ல் ராயல் ஃப்ரீயில் ஓய்வு பெற்ற பிறகும் ஜமைக்கா, ஃபிஜி என்று ஏழைகளின் சாப்பாட்டுத் தட்டைத் தேடிப் போனார். கடைசி வருடங்களில் லண்டன் செல்சியில் தொழிற்கட்சிக் கவுன்சிலராக இருந்தார். 1964 ஏப்ரல் 16 அன்று இறந்தபோது வயது 75. நோபல் கிடைக்கவில்லை. வில்ஸ் ஃபேக்டர் என்ற பெயரும் ஃபோலிக் அமிலம் வந்ததும் மறைந்துபோனது. 2019-ல் கூகுள் அவர் பிறந்தநாளுக்கு டூடுல் போட்டபோதுதான் நிறைய பேர் அந்தப் பெயரையே கேள்விப்பட்டார்கள்.

உங்க அக்காவோ மதினியோ முழுகாம இருந்தா, வீட்டு ஃப்ரிட்ஜ் மேல அந்தச் சிவப்பு மாத்திரை அட்டை கிடக்கும். இன்னிக்கு மாத்திரை போட்டாச்சான்னு ஒரு வார்த்தை கேளுங்க.